ஏழாவது நிகழ்ச்சி

அத்தியாயம் 14

திங்கட்கிழமை செல்வாம்பாள் செய்த காரியம் இன்னும் யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். போன வார அத்தியாயத்தில் அவள் அதைச் செய்தபோது நாமும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்!

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையம் தாண்டி, விழுப்புரம் சாலையில் இருக்கும் இயற்கை வளக் கல்லூரியில் செல்வாம்பாள் டைப்பிஸ்ட். மில் மூடி வேலை போன அவள் கணவன் கலியமூர்த்தி, அதே கல்லூரியின் நாற்றங்காலில் தினக்கூலி. பிரின்சிபாலின் அறைக்கு மூன்று மாதம் நடையாய் நடந்து அவனை அங்கே சேர்த்தவளே செல்வாம்பாள்தான். கலியமூர்த்தியின் தம்பி தெய்வசிகாமணி பிரான்சுக்குப் போய்ப் பதினோரு மாதமாகிறது. அங்கே அவனுக்கு வீடு அமையும் வரை, அவன் மனைவி கிளோதின் நெல்லித்தோப்பில் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கும் இதே கல்லூரியில்தான் வேலை. தாவரவியல் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறாள்.

வன மகோற்சவ வாரத்துக்குக் கல்லூரியில் எட்டு நிகழ்ச்சிகள். மரம் நடுவது, மண் மாதிரிக் கண்காட்சி, ஊசுட்டேரியில் பறவை பார்ப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சொற்பொழிவு, தைல மரம் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பட்டிமன்றம், கடைசியில் பரிசளிப்பு. திங்கட்கிழமை, பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு அனுப்பிய இந்தப் பட்டியலுக்கு ஸ்டென்சில் அடிக்கும்போது, ஓரத்தில் அம்புக்குறி போட்டு ஊதா மையில் எழுதியிருந்த ஏழாவது நிகழ்ச்சியைச் செல்வாம்பாள் வேண்டுமென்றே விட்டுவிட்டாள். எட்டாவதாக இருந்த பரிசளிப்பை ஏழாவதாக்கினாள். பிரின்சிபால் இராயப்பன், வழக்கம்போலப் படித்துப் பார்க்காமலே ஸ்டென்சிலில் கையெழுத்தைக் கீறிக் கொடுத்தார். செல்வாம்பாள் அடித்ததில் ஐந்து வருஷமாக ஒரு பிழை வந்ததில்லை. அந்த நம்பிக்கை அவருக்கு.

ஏன் விட்டாள்? அந்த ஊதா மையும், வலப்பக்கமாகச் சாய்ந்து சுழித்துக்கொண்டு போகும் கான்வென்ட் எழுத்தும் கிளோதினுடையவை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சரி, இன்றைக்குப் புதன்கிழமைக்கு வருவோம்.

காலையில் மூன்று டம்ளர் காபியோடு செல்வாம்பாள் தோட்டத்துப் பக்கம் போனாள். கிளோதினுக்குச் சர்க்கரை இல்லாத காபி. அவள் வளர்ந்த வீட்டுப் பழக்கம் அது. ஆனால் போன மாதத்திலிருந்து கலியமூர்த்தியும் தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் பாயசம் மாதிரி காபி குடித்த மனுஷன்! அந்த இரண்டு கசப்பு டம்ளர்களையும் ஒரே தட்டில் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் செல்வாம்பாளுக்கு வயிறு எரியும்.

குழாயடியில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"அவசரப்படாதீங்க மாமா. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

"கை செய்யுதும்மா. வாய்தான் வரமாட்டேங்குது."

"அதெல்லாம் வரும். இன்னொரு தடவ சொல்லுங்க. முதல்ல விதைய என்னா செய்வீங்க?"

"முதல்ல வந்து…"

செல்வாம்பாளின் கால் கொலுசு சத்தம் கேட்டதும் இருவரும் கப்பென்று நிறுத்திக்கொண்டார்கள். கலியமூர்த்தி அவசர அவசரமாக முகம் கழுவ ஆரம்பித்தான். ஏற்கெனவே கழுவிய முகம் அது.

"என்னா, நான் வந்ததும் ரேடியோவ அணைச்சிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றான் கலியமூர்த்தி.

"ஒண்ணுமில்லாததுக்கா விடிஞ்சதுலேர்ந்து பேச்சு?"

"வீரை விதையப் பத்திதான்க்கா," என்று கிளோதின் சிரித்தாள். சிரித்தபோது கலியமூர்த்தியைத்தான் பார்த்தாள்.

வீரை! இந்தப் பெயரைக் கேட்டாலே செல்வாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரைச் சுற்றியிருந்த பழைய காடுகளில் நின்ற மரமாம். விதை அவ்வளவு சுலபத்தில் முளைக்காதாம். கல்லூரியில் படித்தவர்கள் இரண்டு வருஷம் தலைகீழாக நின்று தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கலியமூர்த்தி ஈரச் சாக்கில் சுற்றி, சாணிப்பால் தெளித்து, வெயிலில் காட்டி நிழலில் வைத்து, நாற்பது கன்று எழுப்பிவிட்டான். நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட மில்காரன் விரல்கள் அவை. அத்தனை பொறுமை அவற்றுக்கு உண்டு.

முளைக்க வைத்தவன் இவன். ஆனால் வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் முன்னால் நின்று விளக்கப் போகிறவள் அவள். இவன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பான். செல்வாம்பாள் இப்படித்தான் நினைத்திருந்தாள். தட்டுத் தூக்குவதற்கு வெள்ளைச் சட்டையை வெளுக்கப் போட்டிருக்கிறான் பாருங்கள்! செல்வாம்பாளின் தங்கை கல்யாணத்துக்கு அழுக்குச் சட்டையோடு வந்தவன்.

அந்தப் பட்டுப்புடவைக்காரிக்கு இப்போது நிகழ்ச்சியே இல்லை. ஒத்திகை பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். இப்படி நினைத்ததும் அவளுக்குக் காலைக் காபி கொஞ்சம் இனித்தது.

செல்வாம்பாளை ஒரேயடியாகக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிளோதின் அவளைவிட அழகு என்றோ, பிரெஞ்சு பேசுகிறாள் என்றோ, நாளைக்கு விமானம் ஏறிப் போய்விடுவாள் என்றோ அவளுக்குப் பொறாமை கிடையாது. கலியமூர்த்தியைத் தப்பாகவும் அவள் நினைக்கவில்லை. தம்பி மனைவியை அவன் மகள் போலத்தான் நடத்துகிறான். அது அவளுக்கும் தெரியும்.

அவள் பொறாமைப்பட்டது பேச்சுக்கு.

மில் மூடிய நாளிலிருந்து கலியமூர்த்திக்குப் பேச்சு போய்விட்டது. "சோறு போடு", "சரி", "தண்ணி வந்துச்சா?" இந்த மூன்றோடு குடித்தனம் நடந்தது. அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பிள்ளைகளைத் தூது விட்டுப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தம்பி பிரான்சுக்குப் போன மறுவாரம் கிளோதின் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது என்னாது மாமா?" என்று கேட்டாள். அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. ஆனால் அது கிளோதின் பக்கம் மட்டுமே திறக்கிறது. செல்வாம்பாள் சமையலறையில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டபடி மற்றவர்களுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு மாதமாகச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டரை மணிக்குக் கலியமூர்த்தி சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டான். ஓரகத்திகள் இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒருத்தி ஜன்னல் வழியாகவும் இன்னொருத்தி டிரைவரின் முதுகையும் பார்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் நோட்டீஸ் போர்டு நேராகத் தெரியும். செல்வாம்பாள் மெஷினுக்கு ரிப்பன் மாற்றுகிற சாக்கில் ஜன்னலோரமாகவே நின்றுகொண்டாள்.

கிளோதின் போர்டின் முன்னால் நின்றாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். அடி வரைக்கும் போன விரல் சட்டென்று மேலே போனது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஒரு நிமிஷத்தைச் செல்வாம்பாள் அனுபவித்தாள். மூடி மறைப்பானேன், ஆசை தீர அனுபவித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். இல்லாவிட்டால் கோபமாக வந்து கத்துவாள்; அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தாள்.

கிளோதின் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஏழாவது நிகழ்ச்சி விட்டுப்போயிருக்கு."

"எது?"

"வெள்ளிக்கெழம பதினோரு மணி. வீரை விதைய முளைக்க வைக்கிற முறை, நாற்றங்கால்ல செய்து காட்டறது. பிரின்சிபால் முசே கையெழுத்து போட்ட தாள்ல, ஓரத்துல எழுதியிருந்தேனே."

"ஓரத்துல கிறுக்கி வெச்சா நான் எப்படிப் பாக்கறது? நேரா எழுதிக் குடுத்தா நேரா அடிப்பேன்." செல்வாம்பாள் ரிப்பனைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இப்ப என்னா கெட்டுப்போச்சு? ஒரு நாள் நீ மேடையேறலன்னா காலேஜு இடிஞ்சு விழுந்துடுமா?"

கிளோதின் விழித்தாள். "நானா? அது என்னுது இல்லக்கா. மாமாவோடது."

ரிப்பன் சுருள் மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

"எந்த மாமா?"

"நம்ம மாமாதான்க்கா. அவுருக்கு அன்னிக்கு டெஸ்ட்டு." கிளோதின் குரலைத் தாழ்த்தினாள். "நாற்றங்காலுக்கு நிரந்தரமா ஒரு போஸ்ட்டு வந்திருக்கு. பாத்து எடுக்கறதுக்கு யூனிவர்சிட்டியிலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. இன்னொருத்தரும் கேட்டிருக்காரு, அவருகிட்ட சர்டிபிகேட்டு இருக்கு. மாமாகிட்ட கைதான் இருக்கு. அதனால எல்லாரும் பாக்க செஞ்சு காட்டட்டும், அதையே டெஸ்ட்டா எடுத்துக்கறோம்னு முசே பேசி ஒத்துக்க வெச்சாரு. மாமா எழுதறதுக்குக் கூச்சப்பட்டாரு. அதான் நான் எழுதிக் குடுத்தேன்."

செல்வாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழாயடி ஒத்திகையும் வெள்ளைச் சட்டையும் இப்போது அவளுக்குப் புரிந்தன. தட்டுத் தூக்குவதற்கு இல்லை, வேலைக்கு.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டாரு. முன்னாடி ரெண்டு எடத்துல வேல வரும்னு உங்ககிட்ட சொல்லி, நீங்க மாரியம்மனுக்குப் பொங்கல்கூட வெச்சிட்டு வந்தீங்களாமே. அப்புறம் ரெண்டும் வரல. இந்தத் தடவ ஆர்டர கையில வாங்கிட்டுத்தான் அவகிட்ட சொல்லுவேன்னாரு. 'மூணாவது தடவையும் அவ மொகம் வாடறத என்னால பாக்க முடியாதும்மா'ன்னு சொன்னாரு."

இதைக் கேட்டதும் செல்வாம்பாள் மனசில் முதலில் வந்தது பயமில்லை, வருத்தமுமில்லை. 'இதையும் உங்கிட்டத்தானே சொல்லியிருக்கார்' என்பதுதான். என் முகம் வாடுவதைப் பற்றி, என்னைத் தவிர இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறார்! அதன் பிறகுதான் பயம் வந்தது.

"திருத்தி இன்னொண்ணு அடிச்சிடலாமா?" என்று கிளோதின் கேட்டாள். "யூனிவர்சிட்டிக்கு இன்னும் போயிருக்காது இல்ல?"

"நேத்தே பியூன் சாமிக்கண்ணு கொண்டுபோய்க் குடுத்துட்டான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பிரின்சிபால் அறையில் டெலிபோன் அடித்தது.

அந்த அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் இடுப்பளவு ஆடும் கதவு ஒன்றுதான். உள்ளே பேசுவது முழுக்கக் கேட்கும்.

"அலோ… ஆமா, இராயப்பன்தான்… ஏழா? இல்லீங்களே, எட்டு நிகழ்ச்சி… என்ன சொல்றீங்க? நாலு மணிக்குப் பரிசளிப்புக்கு மட்டும் வர்றீங்களா? அப்ப பதினோரு மணி டெஸ்ட்டு?… அறிவிப்புல இல்லாத டெஸ்ட்ட ஒத்துக்க முடியாதுன்னா எப்படி? நான் கையெழுத்து போட்டு… சரி. சரி. விசாரிச்சுச் சொல்றேன்."

போன் வைக்கப்பட்ட சத்தம் இங்கே மேசை வரைக்கும் அதிர்ந்தது. பியூன் சாமிக்கண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அவன் கையில் இன்னும் சைக்ளோஸ்டைல் மை போகவில்லை. முந்நூறு பிரதி சுற்றித் தள்ளியவன் அவன்தான்.

"டைப்பிஸ்ட்டு அம்மாவ முசே கூப்புடறாரு. மூஞ்சி சரியில்ல, பாத்துப் போங்க. நான் போயி நாற்றங்கால்லேர்ந்து கலியமூர்த்தி அண்ணன இட்டாரணும்."

செல்வாம்பாள் எழுந்திருக்க முயன்றாள்.

"நீங்க உக்காருங்கக்கா," என்று அவள் தோளை அழுத்திவிட்டு, கிளோதின் உள்ளே போய்விட்டாள்.

"முசே, தப்பு என்னுது." கதவுக்கு அந்தப் பக்கம் கிளோதினின் குரல் தெளிவாகக் கேட்டது. "அந்த நிகழ்ச்சிக்கு நேரம் மாத்தலாமான்னு யோசிச்சேன். இப்ப அடிக்க வேணாம், அப்புறம் சொல்றேன்னு நான்தான் அக்காகிட்ட சொன்னேன். திருப்பிச் சொல்ல மறந்துட்டேன்."

பச்சைப் பொய். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்.

பிரின்சிபால் பிரெஞ்சில் வெடித்தார். செல்வாம்பாளுக்கு அதில் 'மதாம்' என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. திட்டு என்பது புரிய அது போதும். மூச்சு வாங்கிய பிறகு அவர் தமிழுக்கு வந்தார்.

"ஒரு மனுஷனோட சோத்துல மண்ணு விழுந்திருக்கு, மறந்துட்டேன்னு சாதாரணமா சொல்றியே! உன் வேலைய இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதின கடுதாசி இந்த மேசை மேலதான் இருக்குது. அத அனுப்பணுமான்னு நான் இப்ப யோசிக்கணும்."

கிளோதின் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

செல்வாம்பாளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. தப்பித்தோம் என்கிற பெருமூச்சு. இனி யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள். கீழே விழுந்த ரிப்பனை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த கடிதத்தை அடிக்க வேண்டியதுதான். நம்மில் பலர் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்போம்.

அப்போது கலியமூர்த்தி வந்தான். முழங்கை வரை சேறு. அலுவலகத்தைத் தாண்டி உள்ளே போனவன், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்க்கக்கூட இல்லை. பிரின்சிபால் அவனிடம் விஷயத்தைச் சொன்னார். டெஸ்ட்டு இல்லை, யூனிவர்சிட்டி ஒத்துக்கொள்ளவில்லை, காரணம் இந்தப் பெண்ணின் மறதி.

கலியமூர்த்தி பேசினான்.

"அழுவாதம்மா. நீ எனக்காக எம்மாம் பாடுபட்ட, எனக்குத் தெரியாதா? மறதி யாருக்குத்தான் இல்ல. நாப்பது கன்னு முளைச்சிருக்குதே, அத யாரு எடுத்துட்டுப் போயிடப்போறா? இந்த வேல போனா இன்னொண்ணு வரும். எங்கண்ணு, நீ கண்ணத் தொடச்சிக்க."

செல்வாம்பாள் ஆடும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வார்த்தைகள்! இத்தனை பதமாக! மில் மூடிய இந்த மூன்றரை வருஷத்தில் அவளுக்கு அவன் இதில் பாதியைக்கூடத் தந்ததில்லை. தப்பு செய்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஆறுதல் அங்கே போய்ச் சேர்கிறது. அவன் பேச்சைப் பிடுங்கிக்கொண்டாள், அவன் ரகசியத்தைப் பிடுங்கிக்கொண்டாள், இப்போது என் பழியையும் பிடுங்கிக்கொண்டு, அதற்கும் சேர்த்து 'எங்கண்ணு' என்று வாங்கிக்கொள்கிறாளே!

அவளை எழுப்பி உள்ளே தள்ளியது மனசாட்சிதான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. பொறாமைதான் தள்ளியது. கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"அவ பொய் சொல்றா சார். எங்கிட்ட அவ எதுவும் சொல்லல. நான்தான் விட்டேன்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, சும்மா இருங்க," என்றாள் கிளோதின்.

"நீ சும்மா இரு. இது என்னுது. இதையாவது எனக்கு விடு."

"தெரியாம விட்டுட்டியா?" என்று பிரின்சிபால் கேட்டார். அவர் குரலில் 'ஆமாம் என்று சொல்லிவிடேன்' என்கிற கெஞ்சல் இருந்தது. ஐந்து வருஷத்து நம்பிக்கை அல்லவா!

"தெரிஞ்சேதான் விட்டேன். அவ எழுத்தப் பாத்தேன், அவளோடதுன்னு நெனச்சேன். எட்ட ஏழாக்கி அடிச்சேன்."

இராயப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "மதாம், நீங்க வகுப்புக்குப் போங்க," என்றார் கிளோதினிடம். அவள் தயங்கித் தயங்கி வெளியே போனாள். கதவு ஆடி அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"செல்வாம்பாள், ஒரே ஒரு வழிதான் இருக்கு. நான் கையெழுத்து போட்ட பழைய தாளோட உன் கடுதாசியும் போகணும். நிகழ்ச்சி இருந்துது, வேணும்னே நான்தான் விட்டேன்னு நீ உன் கையால எழுதித் தரணும். அது இல்லாம நான் கேட்டா, நமக்கு வேண்டிய ஆளுக்காக நடுவுல சொருகறோம்பாங்க. நாலு மணிக்குள்ள போய்ச் சேந்தா நாளைக்குப் பதில் வரும். ஒத்துக்குவாங்களா மாட்டாங்களா, எனக்குத் தெரியாது." அவர் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். அப்படி எழுதிக் குடுத்தப்புறம் உன் வேலைக்கு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது."

செல்வாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். 'ஏன்டி இப்படிச் செஞ்ச?' என்று கேட்பான். கேட்டால் சொல்வதற்குத் தொண்டை வரை பதில் இருந்தது. பதினோரு மாதமாகச் சேர்த்து வைத்த பதில். ஓங்கி ஓர் அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அதுவும் அவளுக்கு மட்டுமே கிடைத்ததாக இருக்கும் அல்லவா?

கலியமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்தான். கையிலிருந்த சேற்றை விரல் விரலாகத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"வெதைக்குத் தண்ணி தெளிக்கிற நேரம் சார்," என்றான் பிரின்சிபாலிடம். "நான் வர்றேன்."

அவ்வளவுதான். அவளைச் சுற்றிக்கொண்டு, அவள் புடவைகூடப் படாமல், வெளியே போய்விட்டான்.

செல்வாம்பாள் தன் இடத்துக்கு வந்து புதுத் தாளை மெஷினில் ஏற்றினாள். 'ஐயா, கீழே கையெழுத்திடும் செல்வாம்பாளாகிய நான்' என்று தொடங்கினாள். ஒரு பிழை இல்லாமல் அடித்தாள். 'வேண்டுமென்றே' என்ற வார்த்தை வந்த இடத்தில் விரல் நின்றது. கலியமூர்த்திக்கு வேலை கிடைக்காமலும் போகலாம், தன் வேலை மட்டும் போகலாம். இரண்டு பேரும் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையை அடித்தாள். கையெழுத்துப் போட்டு, சாமிக்கண்ணுவிடம் கொடுத்தாள். கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்போது மணி இரண்டு.

மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து கிளோதின் வந்தாள். கண் சிவந்திருந்தது. செல்வாம்பாளின் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கடுதாசி போயிடுச்சாக்கா?"

"போயிடுச்சு."

"என் மேல அவ்ளோ கோவமாக்கா உங்களுக்கு? நான் என்னா செஞ்சேன்?"

செல்வாம்பாள் யோசித்தாள். யோசித்துப் பார்த்தும் கிளோதின் செய்த குற்றம் ஒன்றுகூட அவள் கைக்கு அகப்படவில்லை. "ஒண்ணும் செய்யல," என்றாள்.

வெளியே மாணவர்கள் பட்டிமன்றத்துக்குப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால், நாற்றங்காலில் ஒரு பூவாளி வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நான் போனப்புறம் மாமா என்னாக்கா சொன்னாரு?" என்று கிளோதின் பயந்துகொண்டே கேட்டாள்.

செல்வாம்பாள் ஓரகத்தியை நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. உங்கிட்டதான் சொல்லுவாரு. சாயந்தரம் கேட்டு, என்னா சொன்னாருன்னு எனக்கும் வந்து சொல்லு."